பட்சபாதமானி

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எனக்கு அவ்வப்போது கடிதம் எழுதுவார். இந்த மாதம் வந்த கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தது. "செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அந்த இயந்திரத்திடம் நான் வாங்கும் இரண்டு தினசரிகளின் தலையங்கங்களையும் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் இடது பக்கம் சாய்கிறது, மற்றது கொஞ்சம் வலது பக்கம் சாய்கிறது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டது. நாற்பது வருஷம் படித்து நான் கண்டுபிடித்ததும் அதேதான். இனிமேல் முதலில் இயந்திரத்தின் முத்திரையைப் பார்ப்பது, அப்புறம் படிப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது என்று வைத்துக்கொண்டால் என்ன? தங்கள் அபிப்பிராயம் தெரிய வேண்டும்."

நியாயமான கேள்விதான். காய்ச்சலுக்கு உஷ்ணமானி இருக்கிறது. பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கக்கூட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. தினந்தோறும் காலையில் காப்பியோடு சேர்த்து நாம் விழுங்குகிற செய்தியில் எவ்வளவு பட்சபாதம் கலந்திருக்கிறது என்று அளக்க ஒரு மானி கூடாதா? பால்காரர் கோபித்துக்கொள்வார் என்பதற்காகக் குழாயைத் தூர எறிந்துவிட முடியாது.

ஆனால் இந்த மானியைத் தானாகவே தன் கழுத்தில் கட்டிக்கொண்ட ஒரு பத்திரிகையின் கதை எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் என் அபிப்பிராயமும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

அந்தப் பத்திரிகை 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்'. 1881-ல் பிறந்தது. வெகு காலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவிட்டு, பல கை மாறி, 2018-ல் பாட்ரிக் சூன்-ஷியோங் என்ற டாக்டரிடம் வந்து சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். அறுவை சிகிச்சை நிபுணர். புற்றுநோய் மருந்தில் பெரும் பணம் சம்பாதித்தவர். கூடவே ஸான் டியாகோ நகரத்துத் தினசரியையும் சேர்த்து 50 கோடி டாலருக்கு வாங்கினார்.

2024 அக்டோபரில், ஜனாதிபதி தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், கமலா ஹாரிஸை ஆதரித்துத் தலையங்கம் எழுத ஆசிரியர் குழு தயாராக இருந்தது. முதலாளி வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். இரண்டு வேட்பாளர்களின் கொள்கைகளையும் ஒப்பிட்டு எழுதத்தான் சொன்னேன், அவர்கள் எழுதவில்லை என்பது அவர் தரப்பு. தலையங்கப் பகுதியின் ஆசிரியை மேரியல் கார்ஸா ராஜினாமா செய்தார். குழுவில் இன்னும் இருவர் அவரைத் தொடர்ந்து வெளியேறினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். இது நடந்து இரண்டு மாதத்துக்குள் முதலாளி ஓர் அறிவிப்புச் செய்தார்: கட்டுரைகளின் சாய்வை அளந்து காட்டும் மானி ஒன்று வரப்போகிறது!

2025 மார்ச் 3-ந் தேதி அது வந்தது. அபிப்பிராயக் கட்டுரைகளின் அடியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் இது 'இடது', 'மத்திய இடது', 'மத்தியம்', 'மத்திய வலது', 'வலது' என்ற ஐந்தில் எந்த ரகம் என்று இயந்திரம் சொல்லும். கட்டுரையின் சாராம்சத்தைச் சொல்லும். அதன் கீழே 'மாற்றுக் கருத்துக்கள்' என்று சிலவற்றைத் தானே தேடித் தொகுத்துக் கொடுக்கும். ஆசிரியர் குழுவினர் யாரும் அதை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. ஒரு காற்புள்ளியைக்கூட உதவி ஆசிரியர் பார்க்காமல் அச்சேறாத தொழிலில் இது புதிய வழக்கம்.

மானி மாட்டப்பட்டதற்கு மறுநாளே வேடிக்கை ஆரம்பமாயிற்று.

டிஸ்னிலாந்து இருப்பதால் அனஹைம் என்ற ஊரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே, 1857-ல் திராட்சைத் தோட்டம் போட வந்த ஜெர்மானியர்கள் உண்டாக்கிய ஊர். 1924-ல் நடந்த நகரசபைத் தேர்தலில் ஐந்து ஸ்தானங்களில் நான்கை 'கூ க்ளக்ஸ் க்ளான்' ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு, சிலுவையைக் கொளுத்தி, நீக்ரோக்களையும் கத்தோலிக்கரையும் யூதரையும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையும் மிரட்டிய கூட்டம் அது. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1925 பிப்ரவரியில் மறு வாக்கெடுப்பு நடத்தி அவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்த நல்ல காரியம் நடந்து நூறு வருஷமானதை நினைவுபடுத்தி, அந்தப் பகுதியின் சரித்திரத்தை வெகு நாளாக எழுதிவரும் கஸ்டாவோ அரெலானோ என்ற பத்தி எழுத்தாளர் 2025 பிப்ரவரியில் ஒரு கட்டுரை எழுதினார்.

கட்டுரையின் அடியில் இயந்திரம் தன் 'மாற்றுக் கருத்தை' ஒட்டியது. அந்தக் காலத்து க்ளான் என்பது வெளிப்படையான வெறுப்பு இயக்கம் என்பதைவிட, சமூகம் மாறுவதைக் கண்டு வெள்ளைப் பிராட்டஸ்டண்டு மக்கள் காட்டிய எதிரொலி என்று உள்ளூர்ச் சரித்திரங்கள் சில வர்ணித்திருக்கின்றன என்பது அதன் பொருள். அப்படி வர்ணிப்பது அந்த இயக்கத்தின் அபாயத்தைக் குறைத்துக் காட்டுவதாகும் என்று வாலில் ஒரு சொல்லும் இருந்தது. வாலை யார் பார்க்கிறார்கள்? பத்திரிகை க்ளானுக்கு வக்காலத்து வாங்குகிறது என்று ஒரே கூச்சல். அந்தக் கட்டுரையிலிருந்து அவசர அவசரமாக மானியைக் கழற்றினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்ததுதான். அரெலானோவே சொன்னார்: இயந்திரம் சொன்னது பொய்யில்லை, இந்த வட்டாரத்து ஆட்கள் அன்றிலிருந்து க்ளான் விஷயத்தை அப்படித்தான் மழுப்பி வந்திருக்கிறார்கள் என்று.

வாஸ்தவம். தகவல் சரி. போட்ட இடம்தான் தவறு. ஊர் எப்படி மழுப்பிற்று என்பது அரெலானோவின் வாதத்துக்கே ஒரு சாட்சியம். அந்தச் சாட்சியத்தைப் பிரதிவாதியின் கூண்டில் கொண்டுபோய் நிறுத்தியது இயந்திரம். 'மாற்றுக் கருத்து' என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்து, இதை நிரப்பு என்று அதனிடம் சொல்லியிருக்கிறார்கள். கட்டம் இருந்தால் அது நிரப்பும். மாற்றுக் கருத்து உண்டா, அதற்கு மதிப்பு உண்டா என்று யோசித்து, 'இந்த விஷயத்துக்கு இல்லை ஐயா' என்று கட்டத்தைக் காலியாக விடுகிற துணிச்சல் வேண்டும். நல்ல உதவி ஆசிரியர்களுக்கு அது உண்டு.

இன்னொரு கட்டுரை. சரித்திரப் படங்களில் செயற்கை நுண்ணறிவைக் கட்டுப்பாடில்லாமல் உபயோகிப்பது ஆபத்து என்று ஒருவர் எழுதியிருந்தார். இது 'மத்திய இடது' என்று முத்திரை குத்திவிட்டு, செயற்கை நுண்ணறிவு சரித்திரம் சொல்வதை எல்லோருக்கும் பொதுவாக்குகிறது என்று இயந்திரம் பதில் சொல்லிற்று. தன் மேல் வந்த வழக்கில் தானே வக்கீல், தானே நீதிபதி!

'மத்திய இடது' என்றால் எதற்கு இடது? எந்த மத்தியத்துக்கு? நடுக்கோட்டை யார் போட்டது? இயந்திரம் வருவதற்கு முன்பே அறிஞர்கள் இந்தக் கேள்வியில் தலையைக் கொடுத்திருக்கிறார்கள். 2005-ல் டிம் க்ரோஸ்க்ளோஸ், ஜெஃப்ரி மிலியோ என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினர்கள் தங்கள் பேச்சில் எந்தெந்த ஆராய்ச்சி நிலையங்களை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணுவது. பத்திரிகைகள் எவற்றை மேற்கோள் காட்டுகின்றன என்றும் எண்ணுவது. இரண்டையும் பொருத்தி, இந்தப் பத்திரிகை இன்ன அங்கத்தினர் மாதிரி என்று மதிப்பெண் கொடுப்பது. பெரும்பாலான பத்திரிகைகள் இடது பக்கம் என்று விடை வந்தது. அத்தோடு, வியாபாரிகளின் பத்திரிகையான 'வால் ஸ்ட்ரீட் ஜர்ன'லின் செய்திப் பக்கங்கள் 'நியூயார்க் டைம்'ஸைவிட இடது என்றும் வந்தது! வலதுசாரி என்று யாரும் கனவிலும் சொல்லாத அமெரிக்கச் சிவில் உரிமைச் சங்கம் ஒரு மயிரிழை வலது பக்கம் போய் நின்றது. தேர்தல் பணத்துக்குக் கட்டுப்பாடு போடும் மசோதாவை எதிர்த்துப் பேசிய குடியரசுக் கட்சியினர் அந்தச் சங்கத்தை அடிக்கடி மேற்கோள் காட்டியதுதான் காரணம். எண்ணியதில் பிசகில்லை. எடைக்கல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

2010-ல் மாத்யூ ஜென்ட்ஸ்கோவும் ஜெஸ்ஸி ஷாபிரோவும் வெளியிட்ட ஆராய்ச்சி எனக்கு இன்னும் பிடிக்கும். அது வார்த்தைகளைப் பற்றியது. இறந்தவரின் சொத்துக்குப் போடும் வரியைக் குடியரசுக் கட்சியார் 'சாவு வரி' என்பார்கள். ஜனநாயகக் கட்சியார் 'எஸ்டேட் வரி' என்பார்கள். இப்படிக் கட்சிக்குக் கட்சி வேறுபடும் சொற்றொடர்களை 2005-ம் வருஷத்துக் காங்கிரஸ் நடவடிக்கைக் குறிப்பிலிருந்து பொறுக்கி எடுத்து, நானூறுக்கு மேற்பட்ட தினசரிகளில் எண்ணினார்கள். சாய்வுக்குக் காரணம் முதலாளியா என்று பார்த்தால், முதலாளியின் பங்கு மிகக் குறைவாகவே தென்பட்டது. பத்திரிகை விற்கிற ஊரின் வாசகர்கள் எந்தப் பக்கமோ, பத்திரிகையும் அந்தப் பக்கம். தலைமையாசிரியர் இதைக் கவனிக்க வேண்டும். அவருடைய தினசரி சாய்ந்திருக்கிறது என்றால், அதற்கு நாற்பது வருஷமாக முட்டுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

புதிய இயந்திரம் இந்தப் பழைய அறிஞர்களைப்போல் வார்த்தையை எண்ணிக் கணக்குக் காட்டுவதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகிய ஒன்று அது. அதற்கு மேல் மனிதர்கள் அதற்கு மரியாதையாகப் பேசச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். படித்தது எதுவோ அதன் வாசனை அதில் இருக்கும். 2023-ல் அமெரிக்க, சீனப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சிலர் இதைச் சோதித்தார்கள். ஒரே மாதிரி இயந்திரங்களில் சிலவற்றுக்கு இடதுசாரி எழுத்தையும் சிலவற்றுக்கு வலதுசாரி எழுத்தையும் மேற்கொண்டு படிக்கக் கொடுத்தார்கள். சாய்வு மாறியது. அது மட்டுமல்ல, எது வெறுப்புப் பேச்சு, எது பொய்ச் செய்தி என்று கண்டுபிடிக்கச் சொன்னபோது, எதிர்த்தரப்பின் பொய் ஒவ்வொன்றுக்கும் பளிச்சென்று தெரிந்தது, சொந்தத் தரப்பின் பொய் அவ்வளவு தெரியவில்லை. இந்த விஷயத்தில் அதை மனிதனுக்குச் சமமாகவே வைக்கலாம்.

இதனால் இயந்திரம் பிரயோஜனமில்லை என்று நான் சொல்லவரவில்லை. கணக்குப்பிள்ளை வேலைக்கு அதைப்போல் ஆள் கிடைக்காது. போலீஸ் சுட்டார்களா, துப்பாக்கிச் சூடு 'நடந்ததா'. தலைவர் 'சொன்னாரா', 'ஒப்புக்கொண்டாரா', 'பிதற்றினாரா'. ஊர்வலத்தில் ஆயிரம் பேரா, 'திரளான மக்களா' என்று ஒரு வருஷத்துப் பத்திரிகையைக் கொடுத்துப் பட்டியல் போடச் சொல்லலாம். இரண்டு தினசரிகளையும் ஒன்றாகக் கொடுத்து, இதில் வந்து அதில் வராத செய்திகளை மட்டும் எடு என்று கேட்கலாம். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பத்திரிகைகளையும் மறுபடி எடுத்துச் சரிபார்த்தால், தலைமையாசிரியருக்கு ஒரு சாயங்காலம் உருப்படியாகப் போகும். ஆனால் அவர் கொடுத்தது தலையங்கங்களை. தலையங்கம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இயந்திரம் எதற்கு? அது தன் சாய்வைச் சொல்வதற்கென்றே எழுதப்படுவது. பட்சபாதம் குடியிருப்பது வேறு இடங்களில். 2024 அக்டோபரில் அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை எடுத்த மிகப் பெரிய அரசியல் முடிவு அச்சாகாத ஒரு தலையங்கம். அச்சாகாததன் அடியில் பொத்தான் வைப்பது எப்படி?

அதே பத்திரிகையின் வேறொரு காலத்துக் கதையையும் சொல்ல வேண்டும். நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் என்னைத் தூங்கவிடாத கதை அதுதான்.

1934. பொருளாதார மந்தம். கலிபோர்னியா கவர்னர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்றவர் ஒரு நாவலாசிரியர்: அப்டன் சின்கிளேர். சிகாகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி 1906-ல் 'தி ஜங்கிள்' எழுதி அமெரிக்காவின் வயிற்றைக் கலக்கியவர். அந்த வருஷமே உணவுத் தூய்மைக்கும் இறைச்சிப் பரிசோதனைக்கும் சட்டங்கள் வந்தன. மூடிக் கிடக்கும் ஆலைகளையும் தரிசாகக் கிடக்கும் நிலங்களையும் வேலையில்லாதவர்களிடம் ஒப்படைத்துக் கலிபோர்னியாவில் வறுமையை ஒழிப்பேன் என்று கிளம்பினார். 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' அப்போது தொழிற்சங்கம் என்ற வார்த்தையையே சகிக்காத பத்திரிகை. அந்தப் பகைக்கு ஒரு பழங்கதையும் உண்டு. 1910-ல் தொழிற்சங்கவாதிகள் வைத்த வெடிகுண்டில் அதன் கட்டிடம் இடிந்து 21 பேர் மாண்டார்கள்.

தேர்தல் சமயத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் டர்னர் கேட்லெட்ஜ் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தார். சின்கிளேர் இன்றைக்கு எங்கே பேசுகிறார் என்று பார்க்க உள்ளூர்ப் பத்திரிகையைப் பிரித்தார். திட்டு இருந்தது, கூட்டம் நடக்கும் இடம் இல்லை. பத்திரிகையின் அரசியல் நிருபர் கைல் பாமரிடமே போய்க் கேட்டார். அந்த மாதிரி சமாசாரமெல்லாம் நாங்கள் போடுவதில்லை, அந்த ஆளைத் தோற்கடிப்பதுதான் எங்கள் வேலை என்று அவர் ஒளிவு மறைவில்லாமல் பதில் சொன்னாராம். கேட்லெட்ஜ் பின்னாளில் எழுதி வைத்தது இது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்தது பொறுக்கக்கூடியதல்ல. தினந்தோறும் முதல் பக்கத்தில் ஒரு பெட்டி கட்டி, அதற்குள் சின்கிளேரின் புத்தகங்களிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டார்கள். கல்யாணத்தைப் பற்றிச் சின்கிளேர், மதத்தைப் பற்றிச் சின்கிளேர் என்று தலைப்பு. கல்யாணத்தின் புனிதத்தில் நம்பிக்கை போய்விட்டது என்ற கருத்துள்ள வாக்கியம் ஒன்று வந்தது. அது 1911-ல் அவர் எழுதிய 'லவ்ஸ் பில்கிரிமேஜ்' என்ற நாவலில் மனமுடைந்த கணவன் சொல்வது. (அந்த நாவலில் அவருடைய சொந்த வாழ்க்கையும் நிறைய உண்டு என்பார்கள். இருக்கட்டும், சொந்த வாழ்க்கை இல்லாத நாவல் எது?) பெட்டியில் பாத்திரத்தின் பெயர் இல்லை, கதை இல்லை. சின்கிளேர் சொன்னார், அவ்வளவுதான். வீட்டுப் பெண்மணிகளும் பாதிரிமார்களும் அதைப் படித்தார்கள்.

கவனியுங்கள்: பெட்டியில் இருந்த வார்த்தைகள் பொய்யல்ல. புத்தகத்தைப் பிரித்தால் அப்படியே இருக்கும். வசைச்சொல் இல்லை; மேற்கோள் குறி இருக்கிறது. 1934-ல் ஒரு பட்சபாதமானி இருந்து, அந்தப் பெட்டியை மட்டும் அதனிடம் காட்டியிருந்தால், முள் எங்கே போய் நின்றிருக்கும்?

இதைச் சும்மா கேள்வியாக விட்டுவிட எனக்கு மனமில்லை. என் பழைய நாவல் ஒன்றில் வட்டிக்கடைக்காரர் ஒருவர் வருகிறார். ஏழைக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தால் அவன் சோம்பேறியாகிவிடுவான், சர்க்கார் அவனுக்கு உதவி செய்வது பாவம் என்று அரைப் பக்கம் பேசுவார். அந்த அரைப் பக்கத்தைப் பெயர், ஊர் எதுவும் இல்லாமல் இயந்திரத்திடம் கொடுத்து, எழுதியவரின் அரசியல் சாய்வு என்ன என்று கேட்டேன். ஆசிரியர் சந்தைச் சுதந்திரத்தை ஆதரிப்பவர், அரசாங்க உதவிகளை எதிர்ப்பவர், மத்திய வலது என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிற்று. பிறகு, இது ஒரு நாவலில் வருவது, அடகுக்கு வந்த ஒரு குழந்தையின் கால் கொலுசைத் தராசில் வைத்துக்கொண்டே அந்தப் பாத்திரம் இதைப் பேசுகிறது என்றேன். உடனே ஆசிரியரின் எள்ளலைப் புகழ்ந்து, என்னை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டுபோய் வைத்தது. வட்டிக்கடைக்காரர் பேச்சில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நான் சொன்னதை அது நம்பிற்று. சொல்லாமல் விட்டிருந்தால், சொல்லாததையும் நம்பியிருக்கும்.

கொலுசைச் சொல்ல நான் பக்கத்தில் இருந்தேன். சின்கிளேருக்காக அந்தப் பெட்டியின் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. 1934 நவம்பர் 6-ந் தேதி தேர்தல். ஏறக்குறைய 8,80,000 வாக்குகள் வாங்கினார். எதிர்த்து நின்ற ஃபிராங்க் மெரியம் 11 லட்சத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். தோற்ற கதையை மறு வருஷமே சின்கிளேர் ஒரு புத்தகமாக எழுதிப் போட்டார். பிறகு நாவலுக்குத் திரும்பினார். ஜெர்மனியில் நாஜிகள் தலையெடுத்ததைப் பற்றிய 'டிராகன்ஸ் டீத்' என்ற நாவலுக்கு 1943-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதிலும் நாஜிகள் நிறையப் பேசுகிறார்கள். பெட்டி கட்டத் தெரிந்தவர்களுக்கு அதில் வாக்கியங்களுக்குப் பஞ்சமே இல்லை.